‘தி விண்ட்ஸ் ஆஃப் வின்டர்’ இன்னும் வரவே இல்லை. அதன் கதையை யூகித்துக்கொண்டே இருப்பது வீண் வேலை இல்லையா?

கேள்வி: ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ நாவல் வரிசையில் (‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொலைக்காட்சித் தொடரின் மூலக்கதை) ஆறாவது பாகம் இன்னும் வெளிவரவில்லை. அதற்குள் யார் சாவார், யார் யாருடைய பிள்ளை என்று ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கிறார்களே, இது வீண் வேலை இல்லையா? நீங்கள் நம்புகிற யூகம் ஏதாவது உண்டா?

பதில்:

வேலைவெட்டி இல்லாதவன் செய்கிற வேலை என்று என் வீட்டுக்காரம்மாவே தீர்ப்புச் சொல்லி ரொம்ப நாளாச்சு. அதனால் உங்கள் கேள்வியில் எனக்குக் கோபம் இல்லை. இருந்தாலும் பத்து வருஷத்துக்கு மேல் இந்த வேலையைச் செய்துவருபவன் என்ற முறையில் நாலு வார்த்தை சொல்ல உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். (ஐந்து பாகமும் படிக்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கதை வெளியாகிவிடும்.)

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். முதல் பாகத்தை 2012 ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவில், வ.உ.சி. பூங்கா மைதானத்தில், வேறு ஏதோ வாங்கப் போய் வாங்கினேன். முதல் பாகம் வந்தது 1996-ல். ஐந்தாவது வந்தது 2011 ஜூலையில். ஐந்தையும் நான் முடித்தபோது ஆறாவது எப்படியும் அடுத்த வருஷம் வந்துவிடும் என்று மாமன் மகன் அடித்துச் சொன்னான். 2016 ஜனவரி 2-ஆம் தேதி மார்ட்டின் தன் வலைப்பதிவில், பதிப்பாளர் கொடுத்த கெடு இரண்டு முறை தவறிவிட்டது, புத்தகம் முடியவில்லை என்று எழுதினார். எங்கள் ஊரில் ஷிப்மென்ட் தேதி தவறினால் சரக்கை விமானத்தில் ஏற்றி, அந்தச் செலவைக் கம்பெனியே தாங்கணும். அவருக்கு அப்படிச் சரக்கு வாங்கும் பையர் ஒருத்தர் வாய்க்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) காங்கயம் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். நாலாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். ஆனால் அண்ணன்மார் கதையை உடுக்கைப் பாட்டாக விடிய விடியக் கேட்டு வளர்ந்த காது அவருடையது. 1960களில் கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் அந்தப் பக்கத்து ஓலப்பாளையத்தில் வந்து தங்கி, அண்ணன்மார் என்கிற அந்தப் பொன்னர் சங்கர் கதையைப் பாடக் கேட்டு ஒலிப்பதிவு செய்தார். அந்தச் சீமையில் கதை கேட்பவர்களை ஏமாற்றுவது கஷ்டம்.

ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் இல்லை. வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்து விதைக்கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். சும்மா இருக்க முடியாமல் முதல் பாகத்து நாயகன் நெட் ஸ்டார்க்கின் கதையை எனக்குத் தெரிந்த தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கேட்டவர் நடுவில் நிறுத்தினார்.

“இரு சாமி. சண்டைக்குப் போறான். தங்கச்சி அங்கயே செத்துப் போயிடறா. திரும்பி வாறப்ப கையில ஒரு கொழந்த. எம்பையன்தான்னு சொல்றான், ஆனா ஆத்தா யாருன்னு பொண்டாட்டி கேட்டாக்கூட வாயத் தொறக்கல. அவன் எப்பேர்ப்பட்ட ஆளு?”

“பொய் பேசாத ஆளுங்க அப்புச்சி.”

ஒரு காயை நசுக்கி, பருப்பை முறத்தில் போட்டார். “அப்ப அது தங்கச்சி பையன்.”

எனக்குக் கையில் இருந்த கடலை கீழே விழுந்துவிட்டது. இந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று பாகம் ஆச்சு, அதுவும் ஒருத்தன் சொல்லித்தான். அந்தக் குழந்தை ஜான் ஸ்னோ, நெட்டின் தங்கை லியானாவுக்கும் டார்கேரியன் வம்சத்து இளவரசன் ரேகருக்கும் பிறந்தவன் என்ற யூகம் முதல் பாகம் வந்த கொஞ்ச நாளிலேயே கிளம்பிவிட்டது. தொலைக்காட்சித் தொடர் எடுக்க வந்த இரண்டு தயாரிப்பாளர்களிடம் மார்ட்டின் கேட்ட கேள்வியும் இதேதான்: ஜானின் தாய் யார்? அவர்கள் சரியாகச் சொன்னார்கள், தொடர் அவர்கள் கைக்குப் போனது. அன்றைக்கு அப்புச்சியைக் கூட்டிப் போயிருந்தால் உரிமை காங்கயத்துக்கு வந்திருக்கும். 2016-ல் தொடரில் இதை உடைத்துச் சொல்லிவிட்டார்கள். புத்தகத்தில் இன்றுவரை சொல்லவில்லை.

எப்படிங்க கண்டுபிடிச்சீங்க என்று கேட்டேன். “பங்காளிக்குத் தெரிஞ்சா கழுத்தத் திருகிப் போட்ருவான்னா, ஒளிச்சுத்தான வளக்கோணும்?” என்றார். அண்ணன்மார் கதையிலும் பங்காளிகளுக்குப் பயந்து ஆண் குழந்தைகளை மறைத்துத்தான் வளர்ப்பார்கள். அவருக்கு அது கட்டுக்கதை மாதிரித் தோன்றவில்லை, நடைமுறை மாதிரித் தோன்றியிருக்கிறது.

நான் யூகத்தைப் பிடித்துத் தொங்குவதற்குக் காரணம் இதுதான். நல்ல யூகத்துக்கு வேண்டிய சாமான் எல்லாம் ஏற்கெனவே அச்சில் இருக்கிறது. வராத புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று வெளியில் இருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். நாங்கள் வந்த புத்தகத்தைத்தான் மறுபடி மறுபடி கிண்டிக்கொண்டிருக்கிறோம்.

ஐந்தாம் பாகத்தில் ஒரு கல்யாண விருந்து வருகிறது. வைமன் மாண்டர்லி என்ற பெருத்த பிரபு மூன்று பெரிய பை கொண்டு வந்து, தன் கையாலேயே பரிமாறி, தானும் ரசித்துச் சாப்பிடுகிறார். (பை என்றால் மேலே மாவு மூடி அடுப்பில் சுட்ட கறிப் பண்டம்.) அவர் வீட்டுக்கு ஒறம்பரையாக (உறவு, விருந்தாளி) போய்விட்டுக் கிளம்பிய ஃப்ரே குடும்பத்து ஆட்கள் மூன்று பேர் வழியில் காணாமல் போயிருக்கிறார்கள். மூன்று பை, மூன்று ஆள். அன்று ராத்திரி மாண்டர்லி, எலிச் சமையற்காரன் பாட்டைப் பாடச் சொல்கிறார். ஒரு ராஜாவுக்கு அவன் மகனையே பையில் வைத்துச் சமைத்துப் போட்டவனின் கதை அது. அதை இரண்டு பாகத்துக்கு முன்னாலேயே நெட்டின் மகன் பிரான் சொல்வான். ‘அந்தப் பையில் இருந்தது மனுசக் கறி’ என்று ஒரு வரிகூடப் புத்தகத்தில் கிடையாது.

இன்னும் கூர்மையான இடம் ஒன்று உண்டு. பிரான் சொல்லும் கதையில் தெய்வம் அந்தச் சமையற்காரனைத் தண்டிப்பது கொலைக்காக இல்லை, வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கொன்றதற்காக. மாண்டர்லி அதைத் தெரிந்துவைத்திருக்கிறார். அதனால் அந்த மூன்று பேரும் கிளம்பும்போது ஆளுக்கொரு குதிரை கொடுத்து அனுப்புகிறார். வழியனுப்பும் பரிசு கையில் ஏறிவிட்டால் விருந்தாளி உறவு முடிந்தது; அப்புறம் என்ன செய்தாலும் விருந்து முறை கெடாது! எங்கள் அம்முச்சியிடம் இதைச் சொன்னபோது, “சீ, சோறு உங்கற நேரத்துல இதப் பேசாத” என்று அரிசிம்பருப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பிள்ளைக்கறி என்றால் அவருக்குச் சிறுத்தொண்டர் ஒருத்தர்தான்.

இப்படிச் சொன்னால் எல்லா யூகத்துக்கும் நான் கொடி பிடிப்பதாக நினைக்கக் கூடாது. முக்கால்வாசி குப்பை. அரண்மனை ஒற்றர் தலைவன் வேரிஸ் உண்மையில் கடல்மனிதன் என்று ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதைச் சிரிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் டாரியோ என்ற கூலிப்படைத் தலைவன்தான் யூரான் என்ற கடற்கொள்ளைக்காரன் என்று மெனக்கெட்டு நிரூபிப்பவர்களைப் பார்த்தால்தான் எரிச்சல். டாரியோ முடிக்கும் தாடிக்கும் நீலச் சாயம் போட்டிருக்கிறான், யூரானுக்கு உதடு நீலம், ஆகவே ஒரே ஆள்! சாயத்தைப் பற்றித் திருப்பூர்க்காரனுக்கா சொல்லித்தரணும்? லேப் டிப் (சாயம் போட்ட மாதிரித் துணி) வந்தால் ஆபீஸ் டியூப்லைட்டில் பார்த்து ஓகே சொல்ல மாட்டோம். லைட் பாக்ஸில் வைத்து, வெளிச்சத்தை மாற்றி மாற்றிப் பார்ப்போம். ஒரு வெளிச்சத்தில் அப்பட்டமாக ஒரே நீலமாகத் தெரியும் இரண்டு துணி, அடுத்த வெளிச்சத்தில் ஒன்று பச்சை ஓடும், இன்னொன்று சிவப்பு ஓடும். இந்த யூகக்காரர்கள் டியூப்லைட்டை விட்டு நகர்வதே இல்லை.

நான் நம்பும் யூகம் எது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு இருக்கின்றன.

முதலாவது ஒரு கடைப்பலகை சம்பந்தப்பட்டது. நாலாம் பாகத்தில் பிரியன் என்ற வீரப்பெண் ஒரு சாமியாரோடு நடந்து போகும்போது நாற்சந்தியில் பழைய சத்திரம் ஒன்று வருகிறது. சாமியார் அதன் கதையைச் சொல்கிறார். ஒரு காலத்தில் அந்தச் சத்திரத்து வாசலில் கறுப்பு இரும்பில் அடித்த மூன்று தலை டிராகன் தொங்கிக்கொண்டிருந்ததாம். கறுப்பு டிராகன் கலகக்காரனின் சின்னம் என்று அந்த ஊர்ப் பிரபு அதை வெட்டித் துண்டு துண்டாக்கி ஆற்றில் எறிந்துவிட்டார். பல வருஷம் கழித்து அதில் ஒரு தலை மட்டும் தூரத்தில் ஒரு தீவில் கரை ஒதுங்கியது. அதற்குள் துருப்பிடித்துச் சிவந்துபோயிருந்தது. அவ்வளவுதான். சாமியார் அடுத்த கதைக்குப் போய்விடுகிறார். முதல் வாசிப்பில் நான் இதைக் கொட்டாவி விட்டுக்கொண்டே தாண்டினேன்.

இதற்குப் பின்னால் இருப்பது சுத்தமான பங்காளிச் சண்டை. டார்கேரியன் வம்சத்தில் ஒரு ராஜா சாகும்போது, தாலி கட்டாமல் பெற்ற பிள்ளைகள் அத்தனை பேரையும் முறையான வாரிசு என்று அறிவித்துவிட்டுக் கண்ணை மூடினார். அதற்கு முன்பே அவர்களில் ஒருவனுக்குப் பரம்பரை வாளையும் கொடுத்திருந்தார். சிம்மாசனம் மூத்த மகனுக்கு, வாள் இவனுக்கு. பட்டா ஒருத்தன் பேரில், அனுபவம் ஒருத்தன் கையில் என்றால் என்ன ஆகும் என்று காங்கயம் கோர்ட்டு வாசலில் டீ விற்கிறவரைக் கேட்டாலும் சொல்வார். அந்தக் கிளை தன் பெயரைப் பிளாக்ஃபயர் என்று வைத்துக்கொண்டு, கொடியில் நிறத்தைத் திருப்பிப் போட்டது. டார்கேரியனுக்குக் கறுப்பில் சிவப்பு டிராகன், இவர்களுக்குச் சிவப்பில் கறுப்பு டிராகன். தோற்றவர்கள் கடல் கடந்து போய் ‘கோல்டன் கம்பெனி’ என்ற கூலிப்படை ஆனார்கள்.

ஐந்தாம் பாகத்தில் அதே கூலிப்படை ஓர் இளைஞனைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்குகிறது. செத்துப்போனதாக எல்லாரும் நம்பிய ரேகரின் மகன் ஏகான் இவன்தான் என்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகச் சிவப்பு டிராகனோடு மோதிய படை, திடீரென்று சிவப்பு டிராகனுக்கு ஏன் வேலை செய்யணும்? இதன் பின்னால் இருக்கும் இலிரியோ என்ற வியாபாரி ஓர் இடத்தில், பிளாக்ஃபயர் வம்சத்தின் ஆண் வழி அற்றுப்போனது என்கிறான். ‘வம்சம் அற்றுப்போனது’ என்று சொல்லவில்லை. ‘ஆண் வழி’ என்கிறான். ஒறம்பரை வழி பேசும் ஊரில் வளர்ந்தவன் எனக்கு அந்த இடத்தில் காது நிமிர்ந்தது. அப்படியானால் பெண் வழி? இப்போது அந்தச் சத்திரத்துப் பலகைக்குத் திரும்பிப் போங்கள். கறுப்பு டிராகன், தண்ணீரில் போய், ரொம்ப நாள் கழித்துச் சிவப்பாகக் கரை ஒதுங்குகிறது. பையன் டார்கேரியன் இல்லை, துருப்பிடித்த பிளாக்ஃபயர். இது ஆறாம் பாகத்தில் பொய்யாகிப் போனாலும் எனக்கு நஷ்டமில்லை, அந்தப் பக்கத்தை இனிமேல் என்னால் கொட்டாவி விட்டுத் தாண்ட முடியாது.

2014-ல் எடின்பரோ புத்தக விழாவில் மார்ட்டின் இதைப் பற்றிப் பேசினார். நுணுக்கமாக விதைத்துவைத்த குறிப்புகளைச் சேர்த்து ஒன்றிரண்டு வாசகர்கள் சரியான முடிவுக்கு வந்துவிட்டார்கள், அதற்காகக் கதையை மாற்றினால் முன்பு விதைத்ததெல்லாம் அர்த்தமில்லாமல் போய்விடும், மாற்ற மாட்டேன் என்றார். தாமதத்துக்காக அவர் மேல் இருக்கிற கோபத்தில் பாதியை அந்தப் பேச்சுக்காக நான் தள்ளுபடி செய்துவிட்டேன்.

இரண்டாவது யூகம்தான் என் செல்லம். உறைந்த ஏரி.

ஸ்டானிஸ் என்ற ராஜா வின்டர்ஃபெல் கோட்டையைப் பிடிக்கப் போய், மூன்று நாள் தொலைவில் பனிப்புயலில் சிக்கிக்கொள்கிறான். பாழடைந்த ஒரு குக்கிராமம், பக்கத்தில் உறைந்துபோன ஏரிகள், நடுவில் ஒரு தீவு, அதில் ஒரு வீர்வுட் மரம் (வடக்கத்தியர் கும்பிடும் வெள்ளை மரம்). சோறு இல்லை. ஆட்கள் பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கிறார்கள். கோட்டையில் இருந்து ஃப்ரே படையும் மாண்டர்லி படையும் அவனை ஒழிக்கக் கிளம்பி வருகின்றன. ஐந்தாம் பாகம் இதோடு நிற்கிறது. ரசிகர்கள் சொல்வது இதுதான்: ஸ்டானிஸ் கிராமத்தை இருட்டடித்துவிட்டு, தீவில் தீயை மூட்டி வைப்பான். புயலில் கண் தெரியாமல் வருகிறவன் அந்த வெளிச்சம்தான் பாசறை என்று நேராகக் குதிரையை விடுவான். கீழே இருப்பது தரை இல்லை, மீனுக்காகச் சல்லடையாகத் துளைத்த பனிக்கட்டி!

எனக்கு முதலில் இது புரியவே இல்லை. உறைந்த ஏரியை எங்கே பார்த்தோம்? நொய்யலில் வெள்ளையாக எதையாவது பார்த்திருந்தால் அது சாயத்தண்ணி நுரையாகத்தான் இருக்கும். மாமன் மகன்தான் ஒரு பேக்கரியில் உட்கார்ந்து விளக்கினான். இரண்டு டீ கிளாஸ் ஏரி. தேங்காய் பன்னில் ஒரு துண்டு தீவு. பப்ஸ் வைத்துக் கொடுத்த தாள் கிராமம். விரலில் டீயைத் தொட்டு ஃப்ரே படை வரும் பாதையைக் கோடு போட்டான். கல்லாவில் இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, “ஏனுங்ணா, சைட்டுப் பிளானுங்களா? எந்தப் பக்கம்? சென்டு என்ன வெல?” என்று கேட்டார். வடக்குப் பக்கமுங்க, குளிரு எச்சு என்றான் இவன், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

நான் விடவில்லை. தீவில் தீ வைத்தால் போதுமா, கிராமத்தில் ஆயிரக்கணக்கான ஆள் சத்தம் கேட்காதா என்று கேட்டேன். புயல் சத்தம் இருக்கே என்றான். வழிகாட்டி இருந்தால்? பனியில் எந்த வழிகாட்டி என்றான். அன்று ராத்திரி வீட்டுக்குப் போய் ஸ்டானிஸ் படையில் கைதியாக இருக்கும் ஆஷாவின் அத்தியாயங்களை மறுபடி எடுத்தேன். முதல் தடவை பசியும் குளிருமாக மட்டும் தெரிந்த பக்கத்தில் இப்போது மீன் துளைகள் ஒவ்வொன்றும் கண்ணில் குத்தின.

இதே இடத்தோடு ஒட்டியது அந்தப் புகழ்பெற்ற கடிதம். வின்டர்ஃபெல்லில் இருக்கும் ராம்சே போல்டன் பெயரில் ஜானுக்கு வருகிறது: உன் ராஜா ஸ்டானிஸ் ஏழு நாள் சண்டையில் செத்தான். அதைப் படித்துக்காட்டிவிட்டு ஜான் கிளம்பும்போதுதான் சொந்த ஆட்களே குத்துகிறார்கள். எழுதியது ராம்சேயா, சுவருக்கு அப்பால் இருந்து வந்த ராஜா மான்ஸா, ஸ்டானிஸே தானா என்று அடிதடியே நடக்கிறது. முன்பு ராம்சே ஆஷாவுக்கு எழுதியபோது ரத்தத்தால் எழுதி, உரித்த தோல் துண்டும் வைத்து அனுப்பியவன். ஜானுக்கு வந்ததில் தோல் இல்லை என்பது சந்தேகக்காரர்களின் ஆயுதம். என்னைக் கேட்டால் எழுதியவன் ராம்சேதான், ஆனால் ஏமாந்து எழுதியிருக்கிறான். ஆறாம் பாகத்தில் இருந்து, ஆஷாவின் தம்பி தியோன் வரும் அத்தியாயம் ஒன்றை மார்ட்டின் முன்கூட்டியே வெளியிட்டார். அதில் ஸ்டானிஸ் தன் ஆளைக் கடல் கடந்து படை திரட்ட அனுப்பும்போது, நான் செத்ததாக உனக்குச் சேதி வரலாம், அது உண்மையாகக்கூட இருக்கலாம் என்கிறான். உண்மையாக ‘இருக்கலாம்’ என்று ஒருத்தன் சொன்னால், பொய்யாக இருக்கவும் அவன் ஏற்பாடு வைத்திருக்கிறான் என்றுதானே அர்த்தம்?

அந்தப் பேச்சிலேயே ஸ்டானிஸ் இன்னொன்றும் சொல்கிறான்: நான் செத்தாலும் என் மகளைச் சிம்மாசனத்தில் உட்காரவை.

இதை அப்புச்சியிடம் சொல்லியிருக்கக் கூடாது. முகத்தில் பாதி கல்லாகிப்போன, படிப்பில் ஆசையுள்ள அந்தச் சின்னப் பெண் ஷிரீனைத்தான் இந்தக் கதையிலேயே அவருக்கு ரொம்பப் பிடிக்கும். “ராசா வாய்விட்டுச் சொல்லீட்டான்ல? அப்ப அந்தப் புள்ள ராணியாயிரும்” என்று அவர் பங்குக்கு ஒரு யூகத்தை நட்டுவைத்துவிட்டார். 2015-ல் தொலைக்காட்சித் தொடரில் அவளைத் தீயில் இடுவதைக் காட்டிவிட்டார்கள். அந்த யோசனை மார்ட்டினிடம் இருந்து வந்ததுதான் என்று தயாரிப்பாளர்களும் சொன்னார்கள். புத்தகத்தில் அவள் இன்னும் வடக்கெல்லைப் பெருஞ்சுவருக்குப் பக்கத்தில் உயிரோடு இருக்கிறாள்.

போன பொங்கலுக்குப் போயிருந்தபோதும் கேட்டார். “அந்தப் புள்ள என்னாச்சு சாமி?”

“இன்னும் எழுதலீங்க அப்புச்சி.”

“நல்லாப் படிக்கிற புள்ள. பொழச்சுக்கும்.”

ஆமாங்க என்றேன். அவருடைய யூகத்துக்கு ஆதாரம் அச்சில் இருக்கிறது. டிவியில் பார்த்ததை வைத்து அதை அடிக்க எனக்கு மனசு வரவில்லை.

நீங்களும் ஏரி யூகத்தைச் சோதித்துப் பார்க்க விரும்பினால், இணையத்தில் விளக்கத்தைத் தேடாதீர்கள். முதலில் ஐந்தாம் பாகத்தில் ஆஷா வரும் கடைசி இரண்டு அத்தியாயங்களை மட்டும் எடுங்கள். தீவு, மரம், மீன் துளை, இந்த மூன்றும் வரும் இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். தியோன் அத்தியாயம் அதற்கு அப்புறம். கடிதத்தைக் கடைசியாகப் படியுங்கள். ஸ்டானிஸ் செத்துவிட்டான் என்று அப்போதும் தோன்றினால் இங்கேயே கீழே எழுதுங்கள், மாமன் மகனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.